மானாம்பதிப் பம்பின் முதல் தண்ணீர்

உண்மை பேசுகிறவர்கள் மேல் நமக்கெல்லாம் பெரிய மரியாதை உண்டு, நம்முடைய காரியம் நடக்கிற நாளைத் தவிர. நானும் அப்படித்தான். என் ஆயுளில் ஒரு நாள், யாராவது ஒரு பொய் சொல்லிவிட மாட்டார்களா என்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பெரிய பொய் கூட இல்லை. இரண்டே எழுத்துப் பொய். அதைச் சொல்ல வாய்ப்பு இருந்தவர் சொல்லவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. நைனா உத்திரமேரூரில் பள்ளிக்கூட வாத்தியார். (வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழி எனக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாம் தடவை தவறிய பிறகு ஊரில் அதற்கு மதிப்புக் கூடியது.) பரீட்சை கைவிட்டதும் காஞ்சிபுரத்தில் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். லாரி, பஸ்களைக் கழுவும் ஷெட். வாளியும் துணியுமாக அல்ல. தண்ணீரைப் பம்பில் அழுத்தி, ரப்பர் குழாயில் அனுப்பி, பித்தளைத் துப்பாக்கி வழியாகப் பீச்சியடிப்பார்கள். சக்கரத்தில் ஒரு மாதமாகக் காய்ந்து கிடந்த சேறு பொலபொலவென்று உதிரும். அதற்கு 'வாட்டர் சர்வீஸ்' என்று பெயர்.

அங்கே இருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்து பஸ்களும் லாரிகளும் குளிப்பதற்காகக் காஞ்சிபுரம் வரை வருவதில்லை. ராத்திரி எந்த ஊரில் தங்குகின்றனவோ அந்த ஊர்க் குளத்தங்கரையில் க்ளீனர் நாலு வாளி தண்ணீர் ஊற்றுவதோடு சரி. வண்டி சர்வீஸுக்கு வராவிட்டால் என்ன, சர்வீஸ் வண்டிக்குப் போகட்டுமே? ஒரு மாட்டு வண்டியில் இன்ஜினையும் பம்பையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கழுவினால் என்ன? இந்த யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்பினேன். ஏன் வரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

கூட்டாளியாகச் சேர்ந்தவர் காதர் பாய். உத்திரமேரூர் பஜாரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏதோ மில்லில் கழித்துப் போட்ட ஆயில் இன்ஜினும், பீச்சியடிக்கும் பிஸ்டன் பம்பும் அவர் கடையில் மூலையில் கிடந்தன. இரண்டையும் அவர் போட்டார். வண்டியும் மாடும் என் பொறுப்பு. வண்டியின் பக்கத்தில் 'நடமாடும் வாட்டர் சர்வீஸ்' என்று நானே பெயின்ட்டில் எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும், பெயருக்குப் பக்கத்தில் 'புரொப்ரைட்டர்' என்றும் எழுதினேன். இடம் போதாமல் கடைசி எழுத்து வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

எல்லாம் சரி, தண்ணீர்? காஞ்சிபுரத்து ஷெட்டில் மேலே தொட்டி இருந்தது, திருகினால் வரும். கிராமத்தில் தண்ணீர் கிணற்றிலும் கால்வாயிலும் அல்லவா கிடக்கிறது? அதை வண்டியில் இருக்கும் டிரம்முக்கு ஏற்றிக் கொடுக்க இன்னொரு பம்பு வேண்டும். டிரம் நிரம்பினால்தான் பிஸ்டன் பம்பு அதிலிருந்து எடுத்துப் பீச்சும். இந்த இரண்டாவது பம்பைத் தேடித்தான் நான் புறப்பட்டேன்.

அதே சமயத்தில் நைனா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். "முதலில் தொழில் நிற்கட்டும், அப்புறம் பெண்ணைப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பம்பு பார்க்கப் போனேன். நைனா, கூட்டுறவு சங்கத்தில் உர மூட்டை எண்ணி வைக்கும் வேலை ஒன்று காலியாக இருப்பதாகவும், செயலாளரிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் மட்டும் சொன்னார். இந்தத் தொழில் நின்றால் நான் புரொப்ரைட்டர். விழுந்தால் ஆயுள் முழுக்க மூட்டை. அந்த வயதில் உர மூட்டையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

மூன்று பம்பு பார்த்தேன். முதலாவது, பாய் கடையிலேயே இருந்த கைப்பம்பு. துருப் பிடித்த நெடிய பிடியோடு, ரொம்ப நாளாக வாங்க ஆளில்லாமல் நின்றது.

"இத வெச்சுக்க தம்பி. எண்ணெ வாணாம், பெல்ட்டு வாணாம். அடிச்சா தண்ணி."

"டிரம் நெறைய எவ்ளோ நேரம் அடிக்கணும் பாய்?"

"அடிச்சுக்கினே இருந்தா ஒடம்பு நல்லாருக்கும்" என்றார் பாய்.

இரண்டாவது, காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் இருந்த புத்தம் புதுப் பம்பு. கூஜா அளவுதான் இருக்கும். "உங்க துப்பாக்கி குடிக்கிற தண்ணி கொஞ்சம்தான் சார், இது தாராளமா போதும்" என்றார் கடைக்காரர். என்னை முதன்முதலாக சார் என்று கூப்பிட்டவர் அவர். அந்த மரியாதைக்காகவாவது வாங்கியிருக்கலாம். "இது காபி ஆத்தத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் வீரத்தை நினைத்து நானே பூரித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது மானாம்பதியில் இருந்தது. ஒரு விவசாயி, கிணற்றுக்குக் கரன்ட் மோட்டார் போட்டுவிட்டதால், பெல்ட்டில் ஓடும் பழைய பம்பை விற்க வைத்திருந்தார். பார்த்தவுடன் மயங்கிவிட்டேன். யானைக்குட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதன் குழாய்க்குள் என் தலையே போகும் போலிருந்தது. (போட்டுப் பார்க்கவில்லை.)

"ஓடுமா?"

"ஓடுமாவா? ஒரு கழனியே ரொம்பிடும். ஒரே ஒரு கொற. புட்வால்வு கொஞ்சம் ஒழுவுது."

இந்த வகைப் பம்புக்கு வயிற்றில் தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் கீழேயிருந்து தண்ணீரை இழுக்க வரும். ஊற்றும் தண்ணீர் கீழே போய்விடாமல் குழாயின் அடியில் ஒரு மூடி பிடித்து வைக்க வேண்டும். அதுதான் புட்வால்வு. அது ஒழுகினால் பம்பு சும்மா சுற்றும், தண்ணீர் வராது.

"அப்ப எப்படி ஓட்டறீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா தம்பி, பம்புசெட்டுக்காரன் எல்லாரும் பண்றதுதானே? ஒரு கூட சாணிய கரைச்சு ஊத்து. ஓட்டையெல்லாம் அடைச்சுக்கினு கப்புனு இழுக்கும்."

ஊற்றியும் காட்டினார். பம்பு இரண்டு தடவை இருமியது. பச்சைப் பசேலென்று ஒரு வெள்ளம் வாய்க்காலில் விழுந்தது. பிறகு வெள்ளை வெளேரென்று தண்ணீர்.

"மொதத் தண்ணி பயிருக்கு எரு. அப்பறம் வர்றது பாலு" என்றார்.

அந்த வாக்கியத்தில் முதல் பாதியை நான் மறந்துவிட்டேன். பாலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பம்பை வண்டியில் ஏற்றினேன்.

பெருநகர் என்ற ஊரில் ஒரு பஸ் முதலாளி இருந்தார். ஏற்கெனவே இரண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் மூன்றாவதாக ஒன்று வாங்கியிருந்தார். பாடி கட்டி, பால் நிறத்தில் பெயின்ட் அடித்து, மதராஸிலிருந்து ஓட்டி வந்ததில் வழிப் புழுதி அத்தனையும் அதன் மேல். வெள்ளிக்கிழமை பூஜை, அன்றைக்கே முதல் ஓட்டம். நானும் பாயும் போய்ப் பேசினோம்.

"பூஜைக்கு முன்ன நீயே கயுவு. நான் நின்னு பாக்கறேன். புடிச்சுதுன்னா மூணு வண்டியும் ஒனக்குத்தான்" என்றார் முதலாளி.

மூன்று பஸ்! திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டாவது மாட்டு வண்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்று நானும் பாயும் தர்க்கம் செய்தோம்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே புறப்பட்டோம். யானைக்குட்டிப் பம்பின் பாரத்தில் மாடுகள் நடந்ததைவிட நின்றது அதிகம். பெருநகர் போய்ச் சேர்ந்தபோது ஊரே கால்வாய் ஓரம் கூடியிருந்தது. புது பஸ் மாலையோடு நின்றது. அதன் முன்னால் கோலம், வாழை இலை, தேங்காய், பழம், பூசணிக்காய். அம்மன் கோயில் பூசாரி கற்பூரத் தட்டோடு தயார். பட்டுக்கரை வேஷ்டியில் முதலாளி, பஸ்ஸுக்கு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"எங்கய்யா இவ்ளோ நேரம்? பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள கயுவி, பூஜ முடிச்சு, வண்டி நகரணும்."

மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டியைக் கால்வாய் ஓரம் நிறுத்தினோம். குழாயை இறக்கினோம். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, சாணி எடுத்து வரவில்லை. (எங்கள் மாடுகள் வழியெல்லாம் தாராளமாகப் போட்டுக்கொண்டே வந்தன. தேவைப்பட்ட நேரத்தில் இரண்டும் கை விரித்துவிட்டன.)

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. பின்புறத்தில் ஒரு பெண் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். ஓடினேன்.

"ஒரு கூட சாணி வேணும். அவசரம்."

"எதுக்கு?"

"இன்ஜினுக்கு."

அவள் கையிலிருந்த வறட்டியைச் சுவரில் அறைந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்ஜினு சாணி துன்னுமா?"

"அது டெக்னிக்கல் விஷயம். சொன்னா ஒனக்குப் புரியாது" என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு தடவை எழுதியவன் அல்லவா?

அவள் கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி தெரிந்தது. ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

"கூடைய திருப்பிக் குடுத்துடணும்."

"குடுக்காம என் கூடவா எடுத்துக்கினு போப்போறேன்?" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

கரைத்தேன், ஊற்றினேன். பாய் இன்ஜினைச் சுற்றினார். மானாம்பதிக்காரர் செய்தபடி முதல் தண்ணீரைத் தரையில் விட்டிருக்க வேண்டும். ஆனால் முதலாளி ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் மேல்துண்டுமாகத் தலைக்கு மேல் நிற்கிறார். "ஆவட்டும், ஆவட்டும்" என்கிறார். குழாயின் மறுமுனையை நேராக டிரம்முக்குள் விட்டேன். அதுதான் நான் செய்தது. அந்த நேரத்தில் அது சுறுசுறுப்பாகத் தோன்றியது.

பம்பு கப்பென்று இழுத்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு கழனிக்கான தண்ணீரை ஒரே டிரம்முக்குள் கொட்டியது. நான் 'இழுத்துடுச்சு பாய்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் டிரம் நிரம்பி வழிந்தது. துப்பாக்கி குடிப்பது ஒரு சொம்பு, பம்பு கொடுப்பதோ ஒரு ஏரி. வழிந்த தண்ணீர் வண்டியிலிருந்து இறங்கி, கோலத்தின் மேல் ஓடி, வாழை இலையைத் தூக்கிக்கொண்டு போனது. தேங்காய்கள் மிதந்து முதலாளியின் காலைத் தொட்டன.

"நிறுத்து பாய்!"

"எப்டி நிறுத்தறது? ரெண்டு பம்புக்கும் ஒரே இன்ஜினுதானே, இத நிறுத்தினா அதுவும் நின்னுடும்!"

நின்றால் ராகு காலம். சரி, சீக்கிரம் கழுவி முடித்துவிடலாம் என்று துப்பாக்கியை பஸ்ஸின் நெற்றிக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினேன்.

பால் நிற பஸ்ஸின் மேல் பச்சையாக ஒரு கோடு விழுந்தது.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்தவுடன் கையை எடுத்திருக்க வேண்டும். நான் கையை ஆட்டினேன். கோடு அகலமாயிற்று. மாலை பச்சையாயிற்று. முன் கண்ணாடி பச்சையாயிற்று. சாணியிலிருந்த வைக்கோல் நார் துப்பாக்கியின் மூக்கில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்றது. 'அப்பாடா' என்று துப்பாக்கியைத் திருப்பி அதன் வாயைப் பார்த்தேன். பிஸ்டன் பம்பு நிற்கவில்லை. போக வழியில்லாத தண்ணீர் குழாயை உப்ப வைத்தது. குழாய் துப்பாக்கியிலிருந்து கழன்று, தலை வெட்டின பாம்பாகக் குதிக்க ஆரம்பித்தது. முதலில் என்னை அடித்தது. பிறகு முதலாளியின் பட்டுக்கரை வேஷ்டி, அங்கிருந்து பூசாரி, கற்பூரம் அணைந்தது. கூட்டம் கால்வாய்க்குள் குதித்தது. கடைசியில் பாய் இன்ஜினை நிறுத்தியபோது பஸ்ஸின் நம்பரைக்கூடப் படிக்க முடியவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டும் பச்சை. "இன்னாது இது?" என்றார் மெல்ல.

"சாணிங்க. பம்புக்கு ஊத்துறது" என்றேன்.

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர். அணைந்த தட்டைப் பிடித்துக்கொண்டே, என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "பதறாதீங்க மொதலாளி. சாணி தெளிக்கறது மங்களம்தானே? தினம் வாசல்ல தெளிக்கலயா? புது வூடுன்னா மொழுவலயா? ஆத்தாவே வந்து தெளிச்சுட்டான்னு வெச்சுக்குங்க."

முதலாளியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அப்ப தோஷம் ஒண்ணும் இல்லன்ற?"

"பசுஞ்சாணின்னா தோஷமே இல்ல. விசேஷம்."

கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். (எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார்.) "எருமச் சாணியா இருந்தா?"

பூசாரி கொஞ்சம் தயங்கினார். "எரும எமனுக்கு வாகனமாச்சே" என்றார்.

எல்லோரும் பஸ்ஸைப் பார்த்தார்கள். அதுவும் ஒரு வாகனம். அதில்தான் எல்லோரும் ஏறப் போகிறார்கள். டிரைவர் சத்தம் போடாமல் கதவைத் திறந்து கீழே இறங்கினார். "நான் புள்ளகுட்டிக்காரங்க" என்றார்.

"பசுஞ்சாணிதாங்க!" என்று நான் கத்தினேன்.

"நீ பாத்தியா?" என்று கேட்டார் முதலாளி.

நான் என் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். "வாசன தெரியுதுங்களே" என்றேன். பாய் பக்கத்தில் வந்து, "தம்பி சொன்னா கரெக்டா இருக்கும்" என்று சாட்சி சொன்னார்.

"யாரு வூட்டு சாணி?" என்றார் முதலாளி.

கூட்டம் விலகியது. அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கூடையை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"நீதான் குடுத்தியாம்மா?"

"ஆமாங்க."

"ஒங்க வூட்ல இன்னா மாடு கீது?"

"பசு ஒண்ணு கீது. எரும ரெண்டு கீது."

கூட்டத்தில் மூச்சு வந்தது. வழி இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை. முதலாளிக்கு அந்த வார்த்தை வேண்டும், பூசாரிக்கு வேண்டும், டிரைவருக்கு வேண்டும். எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எழுத முடியாது. கண்ணாலேயே அவளைக் கும்பிட்டேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் பலமாகக் கனைத்தார். அவளுடைய அப்பா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இவனுக்குக் குடுத்தது பசுவோடதுதானே?" என்று பூசாரி வார்த்தையை எடுத்தே கொடுத்தார்.

"எரும" என்றாள்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. ரெண்டும் கலந்துகூட இருக்கலாம் இல்ல?"

"எப்டிங்க கலக்கும்? வெள்ளிக்கெழம ஆச்சே, பசுஞ்சாணிய வூடு மொழுவ தனியா எடுத்து வெச்சுக்கினேன். இவரு இன்ஜினுக்கு வேணும்னாரு. இன்ஜினுக்கு எதுக்குப் பசுஞ்சாணி? எருமயே போதும்னு குடுத்தேன்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டியோரம் வந்து, கவிழ்ந்து கிடந்த கூடையை எடுத்து, கால்வாயில் அலசிக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "வண்டிய ஓட்டிக்கினு போயிடு தம்பி" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, உடம்பெல்லாம் எருமைச் சாணியோடு ஊர் நடுவில் அழுதேன்.

மாடுகளைப் பூட்டும்போது ஒரு விவசாயி கிட்டே வந்தார். எனக்கு ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பம்பைத் தடவிக்கொண்டு, "தம்பி, இன்னாமா இழுக்குது! இத எனக்குக் குடுப்பியா? வந்து மாட்டியும் குடுக்கணும்" என்றார். தலையை ஆட்டினேன்.

திரும்பும் வழியில் பாய் ஊர் எல்லை தாண்டியதும் ஒன்று சொன்னார்: "ஒரே பேஜாரா பூட்ச்சு. கைப்பம்பு வாங்கிக்கன்னு சொன்னேன்." இதே வாக்கியத்தை அவர் தன் ஆயுள் முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னார்.

வீட்டில் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதாவது, எல்லாப் பழியையும் அந்தப் பெண் மேல் போட்டுச் சொன்னேன். "ஊரே கெஞ்சுது நைனா. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்? கல்லு மாதிரி நின்னு 'எரும'ன்றா!"

நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உர மூட்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு யாரு வூடு?" என்றார்.

"எதுக்கு? போயி திட்டப் போறியா?"

"நீ பேசறதுல எது நெசம், எது பொய்யின்னு இருபது வருஷமா என்னால கண்டுபுடிக்க முடியல. கூடவே இருந்து சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்."

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நைனா ஆயுளில் வேடிக்கைக்காக ஒன்றும் சொன்னதில்லை என்பது அடுத்த மாதம் புரிந்தது. விசாரித்ததில் தூரத்து உறவு முறையும் வந்துவிட்டது. பெண் பார்க்கப் பெருநகருக்குப் புறப்பட்டோம். எங்களுக்குக் கிடைத்தது அதே பஸ். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, வேறு நாள் பார்த்துப் பூஜை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் வழியெல்லாம் அதற்கு 'எரும பஸ்' என்றுதான் பெயர். (பல வருஷம் ஓடியது. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. எமன் தன் வாகனத்தில் பொறுமையாகத்தான் போவார் போலிருக்கிறது.) கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "கையில கூட கீட ஒண்ணும் எடுத்தாரலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார்.

ஜெகதா காபி கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் பெயர் எனக்குத் தெரியும். நைனா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா திக்கா கீது. பசும்பாலாம்மா?" என்றார்.

"எருமப் பாலுங்க" என்றாள்.

அவளுடைய அப்பா கனைத்தார். நைனா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மேற்கொண்டு அங்கே யாரும் என் சம்மதத்தைக் கேட்கவில்லை.

நான் உர மூட்டை எண்ணப் போகவில்லை. கால்வாய் ஓரத்தில் பம்பைத் தடவிய விவசாயிக்கு அதை மாட்டிக் கொடுத்தேன். அவர் பக்கத்துக் கழனிக்காரரிடம் சொன்னார். 'பஸ்ஸை நாறடிச்ச பம்பு' என்று பெயர் பரவியதில், என்னைத் தேடி வந்து பம்புசெட் போடச் சொன்னார்கள். அந்தத் தொழிலில்தான் நான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஒவ்வொரு கிணற்றிலும் முதல் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை.

வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை ஒரு பேச்சாகத் தங்கிவிட்டது. என் மகன் பரீட்சை நன்றாக எழுதியதாகச் சொன்னால், மகள் கேட்பாள்: "பசுவா, எருமயா?" பசு என்றால் நம்பலாம், எருமை என்றால் நம்பக்கூடாது. நான் விருந்தாளிகளிடம் என் தொழில் பெருமையை அளந்துகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஜெகதாவின் குரல் வரும்: "எரும." அவ்வளவுதான், நான் பேச்சை மாற்ற வேண்டும். இப்போது பேரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்கள் எருமையைப் பக்கத்தில் பார்த்ததுகூடக் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் ஜெகதாவையும் மகனையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் வெளியே வரும்போது என்னைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பயப்பட ஒண்ணும் இல்லன்னாரு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பசுவா, எருமயா?"

"பசு" என்றாள். உடனே சொன்னாள்.

எனக்கு இருந்த பயமெல்லாம் போய்விட்டது. ஊரே கெஞ்சியும் பொய் சொல்லாதவள் சொல்கிறாள், அப்புறம் என்ன? நிம்மதியாக உள்ளே போனேன். பிழைத்து வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மகன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். டாக்டர் அன்றைக்குச் சொன்னது, "பாதிக்குப் பாதிதான், மனச தேத்திக்குங்க" என்பதுதானாம். எனக்குக் கோபம் வந்தது. நேராக அவளிடம் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில சொன்ன இந்த ஒரு வார்த்தைய, அன்னிக்கிப் பெருநகர்ல சொல்லியிருந்தா இன்னாடி? மூணு பஸ்ஸு! நான் எப்டி இருந்திருப்பேன்!"

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்கி நீங்க எனக்கு யாரு?" என்றாள்.